மூன்று வாரம் இடம் கிடைக்குமா?

“அவ்வளவு பாசம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வளர்க்க வேண்டியதுதானே?” தெருநாய்க்குச் சோறு வைக்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. டெல்லியில் இதை இந்தியில் கேட்பார்கள். ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் தமிழிலேயே கேட்கக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொன்னது. குத்தலாக அல்ல, உத்தரவாக.

கதை பலருக்கு நினைவிருக்கும். டெல்லியில் நாய்க்கடிக்கும் ரேபிஸுக்கும் குழந்தைகள் பலியாவதைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியை ஜூலை 28-ல் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 11-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் (நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்) அமர்வு, தலைநகர வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. முதல் கட்டமாக 5,000 நாய்களுக்கு இடம் தயாராக வேண்டும். அன்று மாலையே இந்தியா கேட் பக்கம் நாய்ப் பிரியர்கள் திரண்டார்கள், போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள். பதினோரு நாளில் உத்தரவு மாறியது. ஆகஸ்ட் 22-ல் நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றது. ரேபிஸ் உள்ளவையும், முரட்டுத்தனம் காட்டுபவையும் மட்டும் விதிவிலக்கு.

தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்ற பகுதியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு விவாதித்தார்கள். வழக்காட வந்த தனிநபர்கள் 25,000 ரூபாயும் அமைப்புகள் 2 லட்சமும் கட்ட வேண்டும் என்பதும் கொஞ்சம் சூடு கிளப்பியது. அதே உத்தரவில் இருந்த தத்துப் பகுதியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. விருப்பமுள்ளவர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். நாய்க்கு அடையாள வில்லை மாட்டித் தருவார்கள். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. எந்த நாய், எந்த வீட்டுக்கு, எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

எந்த பிளாக்கிலும் காலூ என்றோ பூரா என்றோ ஒரு தெருநாய் இருக்கும். நாலைந்து வயது. கேட் காவலாளியின் டியூட்டி நேரம் அதற்குத் தெரியும், கறிக்கடைக்காரர் எத்தனை மணிக்குக் கழிவைக் கொட்டுவார் என்று தெரியும், ஜனவரிக் குளிரில் எந்தக் காரின் பானெட் சூடாக இருக்கும் என்றும் தெரியும். அந்த நாயைக் கொண்டுபோய் மூன்றாம் மாடி டி.டி.ஏ. ஃப்ளாட்டில் வைத்தால் அது கதவைப் பிறாண்டிக்கொண்டே கிடக்கும். பழகிவிடுகிற நாய்களும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், ஆரோக்கியமாகத் தெருவில் வாழும் வளர்ந்த நாய்க்கு முதல் தேவை கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும்தான். (இந்தக் கருத்தடை வழிக்கு விதை போட்டது நம் சென்னை. 1964-லேயே ப்ளூ கிராஸ் இதைத் தொடங்கிவிட்டது. மாநகராட்சி ஏற்றுக்கொள்ளத்தான் 1996 வரை ஆனது.) நாடு முழுக்க 2024-ல் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. பிள்ளையைத் தெருவில் விளையாட விட அஞ்சும் பெற்றோரை இரக்கமற்றவர்கள் என்று ஏசுவதில் அர்த்தமே இல்லை. அந்த எண்ணிக்கை தத்தெடுப்பால் குறையும் என்று யாராவது சொன்னால், அதையும் நம்ப வேண்டாம். 2009-ல் மாநகராட்சி எடுத்த கணக்கிலேயே டெல்லியில் தெருநாய்கள் 5.6 லட்சம்.

பின்னே வீடு யாருக்குத் தேவை? தெருவில் பிழைக்கவே முடியாதவற்றுக்கு. தாயை இழந்த குட்டிகள், வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் விளங்காமல் போனவை, ஆசைக்கு வாங்கி அலுத்ததும் இறக்கிவிடப்பட்ட உயர்சாதி நாய்கள்.

கடைசி வகை டெல்லிக்கே உரிய கொடுமை. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, 45 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் அந்தஸ்துக்காக வாங்குகிறார்கள். கரன்ட் பில்லும் கொட்டும் முடியும் தாங்காமல் போன பிறகு, அது ஏதாவதொரு மேம்பாலத்தடியில் நிற்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லிப் பாராட்டியபோது நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. டெல்லி நாய்க்கடைகளில் விசாரிப்பவர்கள் கேட்பது இன்னமும் லாப்ரடாரும் ஹஸ்கியும்தான்.

அப்படி இறக்கிவிடப்பட்டவை போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது ஃபிரெண்டிகோஸ். 1979-லிருந்து இயங்குகிறது. டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்துக்கு நேர் கீழே காப்பகம். தலைக்கு மேலே நகரத்தின் போக்குவரத்து. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த கீதா சேஷமணி பல ஆண்டுகள் தோளில் சுமந்த நிறுவனம் இது. 2015-ல் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்து, ஊர்மக்கள் கொடுத்த காசில் மீண்டது. ராஜா கார்டனில் மேனகா காந்தி 1980-ல் தொடங்கிய சஞ்சய் காந்தி விலங்கு பராமரிப்பு மையம் இன்னொன்று. இரண்டுமே எந்த நேரமும் நிரம்பி வழிபவை. மாநகராட்சியின் இருபது கருத்தடை மையங்களோ, அறுவை முடிந்து சில நாள் வைத்திருப்பதற்கு மட்டும் கட்டப்பட்டவை.

குட்டிகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். கொல்கத்தா ஐஸர் ஆய்வாளர்கள் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இனப்பெருக்க வயதை எட்டுவது நூற்றுக்குப் பத்தொன்பதுதான். சரி, காப்பகத்தில் விட்டால் பிழைக்குமே என்று தோன்றும். அங்கேதான் பார்வோ காத்திருக்கிறது. ரத்தமும் கழிச்சலுமாய்ப் போகும் இந்த வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். நூறு நாய் வந்து போகும் இடத்தில் ஐந்து வாரக் குட்டியை வைப்பதைவிட, நாயே வளர்க்காத ஒரு வீட்டின் குளியலறை எவ்வளவோ மேல்.

இப்படித் தற்காலிகமாக இடம் கொடுப்பவரைத்தான் டெல்லியில் ஃபாஸ்டர் என்கிறார்கள். மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி இதைச் சத்தமில்லாமல் செய்கிறார். இரண்டாவது குளியலறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். தரையில் செய்தித்தாள், அதன்மேல் கோதுமைச் சாக்கு, மூலையில் பழைய துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். காலையில் காபிக்கு முன்னால் குட்டியை சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து காலண்டரில் குறிக்கிறார். எடை ஒருநாள் குறைந்தாலும் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓட வேண்டும். நான் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றப் போனபோது கையைத் தடுத்தார். “பால் விடப்படாது. கழிஞ்சுண்டே இருக்கும். குழைச்ச சாதத்துல பரங்கிக்காய் போடு, போறும்.” கோழியை வேகவைத்துக் கொடுப்பது எதிர் ஃப்ளாட் பஞ்சாபிப் பெண்மணியின் பொறுப்பு, மாமி வீட்டு அடுப்பில் அது ஏறாது. ராத்திரி ஊளையிடாதா என்று கேட்டேன். “மொத ரெண்டு நாள் இடும். டிக் டிக்குனு ஓடற கடியாரத்தைத் துணியில சுத்திப் பக்கத்துல வெச்சா அம்மான்னு நெனச்சுண்டு தூங்கிடும்.”

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. நடுவே பூச்சி மருந்து, உண்ணி, சொறி. இதற்குள் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு வீடு தேட வேண்டும். பழுப்பும் வெள்ளையும் கலந்த ஆண் குட்டி சீக்கிரம் போய்விடும். கறுப்பாக இருந்தால் இழுபறி. பெட்டையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கருத்தடைக்குப் பிறகு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று விளக்கி விளக்கி நாக்கு வறண்டவர்கள் அநேகம். நாயிலும் நமக்கு நிறமும் ஆண்பிள்ளையும் வேண்டியிருக்கிறது.

கேட்டு வருபவரிடம் விசாரணையும் லேசில் முடியாது. சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் உண்டா? மாமியார் என்ன சொல்கிறார்? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பால்கனிக்கு வலை இருக்கிறதா? பெண் கொடுக்கிற வீட்டைத் துருவுகிற மாதிரி இவ்வளவு எதற்கு என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால், திரும்பி வரும் நாய்களின் காரணப் பட்டியலைப் பார்த்தால் கேள்விகள் போதாது என்றுதான் தோன்றும்: டிரான்ஸ்ஃபர், குழந்தை பிறந்தது, வீட்டுக்காரர் மாறினார், சோபாவைக் கடித்தது. முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில் ஒட்டுதல் என்பது காப்பகங்கள் சொல்லும் கணக்கு. முதல் வாரத்திலேயே பொறுமை இழந்து கொண்டுவந்து விடுபவர்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கால் விளங்காத நாய்களுக்கு இன்னொரு கதவு இருந்தது. டெல்லியிலிருந்து விமானம் ஏறிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு கண்டவை ஏராளம். அந்த ஊருக்குப் போகும் பயணி ஒருவர் தன் டிக்கெட்டோடு நாயையும் பதிவுசெய்து அழைத்துப் போவார். உள்ளூரில் சீந்தாத நொண்டி நாய்க்கு டொரன்டோவில் சக்கர வண்டி கட்டி பூங்காவில் நடத்துவார்கள். 2022 செப்டம்பர் 28 முதல், ரேபிஸ் ஆபத்து மிகுந்த நூற்றுக்கும் அதிகமான நாடுகளிலிருந்து தத்துக்காக வரும் நாய்களுக்குக் கனடா தடை போட்டது. இந்தியாவும் அதில் உண்டு. அமெரிக்காவும் 2021-லிருந்து கெடுபிடி. ஐரோப்பாவுக்கு அனுப்ப ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு பார்த்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் நாய் எங்கே இருக்கும்? மறுபடியும் ஒரு ஃபாஸ்டர் வீட்டில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தற்காலிகமாக என்று எடுத்தவர் மனசு கேட்காமல் தானே வைத்துக்கொண்டால் ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்று கேலி செய்து கேக் வெட்டுவார்கள். நாய்க்கு நல்லதுதான். காப்பகத்துக்கோ ஒரு வாசல் அடைபட்டது. அடுத்த குட்டியை எங்கே வைப்பது? கொடுத்துவிட்டு அழுபவர்கள்தான் அவர்களுக்கு வேண்டும். மாமி இதுவரை ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. வயசு அறுபத்தெட்டு, நாய்க்கு ஆயுசு பதினைந்து, கணக்கு உதைக்கிறது என்கிறார்.

குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுக்கும் வீட்டுக்காரரை எந்தச் சுற்றறிக்கையும் ஒன்றும் செய்யாது. பேயிங் கெஸ்ட் அறையில் இருக்கும் இளைஞர்களிடம் மனசு இருக்கிறது, இடமில்லை. இடம் இருப்பவர்களிடமோ காப்பகங்கள் நன்கொடை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு ஒரு மூலை கேட்கக் கூசுகின்றன. மாநகராட்சியின் தத்து விண்ணப்பத்திலாவது ‘நிரந்தரமாக’, ‘தற்காலிகமாக’ என்று இரண்டு கட்டங்கள் போட்டால், இரண்டாவதில் டிக் அடிக்கப் பலர் முன்வருவார்கள் என்று நான் நம்புகிறேன். மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பரில் குட்டிகள் வரத் தொடங்கும். குளியலறை இரண்டு உள்ள வீடுகளுக்கு டெல்லியில் பஞ்சமில்லை.