வீட்டுக் கணிப்பொறி ஏன் மந்தமாகிறது?

வாங்கிய புதிதில் ஒரு நிமிடத்தில் இயங்கத் தொடங்கிய கணிப்பொறி, சில ஆண்டுகளில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கடிதத்தைத் திறந்தால் திரையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'பழையதாகிவிட்டது, இனிப் புதியதுதான் வாங்க வேண்டும்' என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர்.

ஆனால் கணிப்பொறியின் மூளையாகிய மையச் செயலகத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. சைக்கிள் சங்கிலியைப் போல அது தேய்வதில்லை. முதல் நாளில் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டதோ, ஏறக்குறைய அதே விரைவில்தான் இன்றும் கணக்கிடுகிறது. அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது? செயலகம் பெரும்பாலான நேரம் எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்பதைக் காண்போம்.

எழுத்தரும் பதிவறையும்

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மிக விரைவாக வேலை செய்யும் எழுத்தர் ஒருவர். அவர் முன் ஒரு மேசை. சற்றுத் தொலைவில் பழைய கோப்புகள் அடுக்கிய பதிவறை. எழுத்தரே மையச் செயலகம்; மேசை என்பது ராம் எனப்படும் நினைவகம்; பதிவறை என்பது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். பதிவறையில் உள்ளவை அழிவதில்லை.

இம்மூன்றின் வேகங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலகம் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு தகவலைப் பெறச் சுமார் 100 நானோ விநாடி, அதாவது விநாடியில் கோடியில் ஒரு பங்கு ஆகிறது. வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி ஆகும். முனையைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 மில்லி விநாடி. ஆக, சுமார் 13 மில்லி விநாடி.

மிகச் சிறிய நேரமாகத் தோன்றுகிறதல்லவா? செயலகத்தின் ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பாருங்கள். மேசையிலிருந்து தாளை எடுக்க 5 நிமிடம் ஆகும். பதிவறையிலிருந்து கொண்டுவர ஓராண்டும் மூன்று மாதமும் ஆகும்!

வட்டு நுட்பம் வளரவில்லையா எனக் கேட்கலாம். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் ஒரு தகவலை எட்டச் சராசரியாக 600 மில்லி விநாடி ஆயிற்று. இன்றைய வன்தட்டு அதைவிட ஏறத்தாழ 45 மடங்கு விரைவானது. அதே காலத்தில் செயலகங்களின் வேகமோ இலட்சம் மடங்குக்கு மேல் பெருகியது. நிறையும் நிலைமமும் உடைய பொருளை நினைத்த விரைவில் நகர்த்த நியூட்டனின் விதிகள் இடம் தருவதில்லை.

மேசை சிறியதானால்

நினைவகம் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? சில தாள்களைப் பதிவறைக்கு அனுப்பி, தேவைப்படும்போது திரும்பக் கொணரும் ஏற்பாடு உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணிப்பொறியில் 1962இல் இது இயங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேசை மிகச் சிறியதானால், தாள்களைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமே முழுநேர வேலையாகிவிடும். 1968இல் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் இந்நிலையை ஆராய்ந்து விளக்கினார்.

நம் வீட்டில் நடப்பது இதுவே. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் மென்பொருள்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, மேசை வளர்வதில்லை. பொறியை இயக்கியவுடன் தாமாகவே தொடங்கும் மென்பொருள்களும் அதில் இடம் பிடித்துக்கொள்கின்றன.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரு வேலைக்கு 60 விநாடி ஆகிறது என்க. அதில் 10 விநாடி கணக்கீடு. 50 விநாடி வன்தட்டுக்காகக் காத்திருத்தல். இருமடங்கு வேகமுள்ள செயலகத்தை வாங்கினால் மிச்சம் 5 விநாடியே. காத்திருத்தலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலோ வேலை 15 விநாடியில் முடிந்துவிடும். எந்தப் பகுதி அதிக நேரத்தை விழுங்குகிறதோ அதைத் திருத்தினால்தான் பயன் உண்டு. 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த கருத்தின் சாரம் இதுவே.

அப்பகுதியைக் கண்டறிவது எளிது. விண்டோஸ் பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். பொறி திணறும் வேளையில் அதைப் பாருங்கள்.

'டிஸ்க்' 100 விழுக்காட்டிலும் 'சி.பி.யு.' குறைவாகவும் இருந்தால் தடை வன்தட்டில் உள்ளது. 'மெமரி' 90 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் மேசை போதவில்லை. 'சி.பி.யு.' 100 விழுக்காட்டில் நின்றால், எந்த மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பட்டியலில் தேடுங்கள். தீய நிரலாகவும் இருக்கலாம்.

பரிகாரங்கள்

முதலில் செலவில்லாதவை. தாமாகத் தொடங்கும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். அவ்வப்போது 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். இன்றைய விண்டோஸில் 'ஷட் டவுன்' பெரும்பாலும் முழு ஓய்வாகாது. விசிறியில் படிந்த தூசியை அகற்றுங்கள். சூடு அளவு மீறினால் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்து, தேவையானால் நினைவகத்தைக் கூட்டலாம். தங்கள் பொறி எவ்வகை நினைவகத்தை ஏற்கும், கூடுதலாகச் செருக இடம் உண்டா என்று அறிந்தபின் வாங்குங்கள்.

வன்தட்டே தடையெனில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டு நல்ல மாற்று. இதில் சுழல்வது எதுவும் இல்லை. தகவல்கள் குறைகடத்தியில் மின்னூட்டங்களாகச் சிறைப்பட்டிருக்கின்றன. தகவலை எட்டச் சுமார் 0.1 மில்லி விநாடி. நமது நீட்டிய கணக்கில் மூன்றரை நாட்கள். மாற்றுவதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது கட்டாயம். சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் 'டிஃபிராக்' முறை சுழலும் வன்தட்டுக்கு உதவும்; எஸ்.எஸ்.டி.க்கு வீண் தேய்மானமே.

'ஒரே சொடுக்கில் பத்து மடங்கு வேகம்' என்று விளம்பரப்படுத்தும் மென்பொருள்களை நாட வேண்டாம். அவையும் மேசையில் இடம் பிடிப்பவைதாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றதால் பழைய பொறிகள் பல ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் பலவற்றை இலவசமான லினக்ஸ் கொண்டு பாதுகாப்பாக இயக்க முடியும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகள் வீட்டில் உறங்கினால், அவற்றிலும் இதை முயன்று பார்க்கலாம். ஒதுக்கிய பொறியில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும்; அதை மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தால் தம்பி தங்கையர் படிப்புக்கு ஒரு பொறி கிடைக்கும். ஆகவே, புதியதை வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், பழையது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.