எண்ணெய் மேல் ஏறிய ராணிகள்

ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி - குற்றாலம் சாலையில் கார்களுக்குக் கஷ்டகாலம்தான். பாட்டி, பேரன், அத்தை, அத்தையின் முறுக்கு டின், ஈரத் துணி மூட்டை எல்லாம் ஏறியதும், வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். தூரம் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாட்டியின் இடுப்பு பதில் சொல்லியாக வேண்டும்!

காரணம் என்ன? சாதாரணக் கார் எஃகு ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் பாரத்தில் தாழ்ந்துவிடும். விறைப்பாக இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும்.

இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டவர் பிரான்ஸ் தேசத்து ஸிட்ராயன் கம்பெனியைச் சேர்ந்த பால் மாஜெஸ். அவருடைய ஏற்பாட்டுடன் 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது டி.எஸ். கார். முதல் நாளிலேயே சுமார் 12,000 ஆர்டர்கள்! 'டி.எஸ்.' என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் 'தேவி' என்று காதில் விழுமாம்.

தேவியின் ரகசியம் இதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் திரை. அதற்கு ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். சக்கரம் கல்லில் ஏறினால், ஊசிமருந்துக் குழாயில் போல எண்ணெய் தள்ளப்பட்டு வாயுவை அமுக்கும். அமுங்கிய வாயு மெல்ல விரிந்து கொடுக்கும். ஆகவே வாயுதான் ஸ்பிரிங்!

இன்னும் ஒரு விந்தை. ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு வால்வு தானே திறக்கும். எஞ்சின் ஓட்டும் பம்பு எண்ணெயை அனுப்பி, வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். அவர்கள் இறங்கியதும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். 1965-ல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஸில்வர் ஷாடோ எஃகு ஸ்பிரிங்கைக் கைவிடவில்லை. ஆனாலும் வண்டியை மட்டமாக நிறுத்த, ஸிட்ராயனிடம் உரிமை பெற்று இந்த வித்தையைச் சேர்த்துக்கொண்டது.

நம் ஊர்ச் சங்கதியும் உண்டு. திருவள்ளூர்த் தொழிற்சாலையில் 2021-ல் உற்பத்தி தொடங்கிய ஸிட்ராயன் ஸி5 ஏர்கிராஸ் காரில், ஸ்பிரிங்கோடு சிறிய எண்ணெய் மெத்தைகளும் வைத்தார்கள். ஆனால் அதில் நைட்ரஜன் உருண்டை கிடையாது.

பழைய கார் மோகம் உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறதா? இரண்டு விஷயங்களை அவர் காதில் போட்டு வையுங்கள்.

எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் மெல்லக் கசிய, டி.எஸ். கார் தானே கீழே அமரும். பலமான முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் ஒருவரும் படுக்கக் கூடாது.

இரண்டாவது, எண்ணெயின் நிறம். முந்திய டி.எஸ். வண்டிகளுக்குச் சிவப்பு எண்ணெய். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பச்சை. மாற்றி ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் பாகங்கள் கெட்டுவிடும். அதே எண்ணெயின் அழுத்தம்தான் பிரேக்கையும் பிடிக்கிறது! எனவே, ஸீட் எவ்வளவு சுகம் என்று பார்ப்பதற்கு முன்பு, சிவப்பா பச்சையா என்று கேட்பதுதான் குடும்பத்துக்கு க்ஷேமம்.