புதைத்த கேபிளும் ஒரு மாணவியின் கேள்வியும்

“சார், கேபிளை மண்ணுக்குள்ள புதைச்சா சிக்னல் எல்லாம் மண்ணுக்கே போயிடாதா?”

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. “போகாதும்மா” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நான்கு மாதம் கழித்து அந்தக் கேபிளைத் தோண்டி எடுத்தபோதுதான், அவள் கேள்விக்கு நான் பதிலே சொல்லியிருக்கவில்லை என்பது புரிந்தது.

நான் கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள், ஊதியமோ வணிக நோக்கமோ இல்லாமல் தங்களுக்குள் வானொலியில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. 12 வயது நிரம்பிய மாணவரும் இத்தேர்வை எழுதலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவினரும் வானொலி வழியாகவே செய்திகளைக் கொண்டு சேர்த்தார்கள். கடலோரப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் பள்ளியில் ஒரு சிறு வானொலி நிலையம் அமைக்க முனைந்தேன்.

ஏன் புதைத்தோம்?

7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பிதான் ஆண்டெனா. அதற்கு இடம் விளையாட்டுத் திடலின் கடைசியில்தான் கிடைத்தது. அறிவியல் அறையிலிருந்து அங்கே 30 மீட்டர். முதலில் கேபிளை மரத்துக்கு மரம் கட்டி இழுத்தோம். பந்து பட்டது, காகம் உட்கார்ந்தது, காற்றில் தொய்ந்தது. ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் கால் மாட்டி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அன்று மாலையே தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அரையடிப் பள்ளம் வெட்டிக் கேபிளை அப்படியே போட்டு மூடிவிட்டேன். அப்போதுதான் அந்த மாணவி மேற்படி கேள்வியைக் கேட்டாள்.

சிக்னல் எங்கே ஓடுகிறது?

நியாயமான கேள்விதான். மின்சாரம் “எர்த்” ஆகும் என்று நாம்தானே பாடம் நடத்துகிறோம்?

கோஆக்சியல் கேபிளின் ஒரு துண்டை நறுக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு செப்புக்கம்பி. அதைச் சுற்றி வெள்ளை பாலித்தீன். அதன்மேல் பின்னல்போல் செப்பு வலை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் 1880-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடைப்பட்ட பாலித்தீனில்தான் அலையின் மின்புலமும் காந்தப்புலமும் அடங்கியிருக்கின்றன. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர்தான். எனவே சிக்னல் வலையின் உள்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. வெளியே காற்று இருந்தாலும் களிமண் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

வகுப்பில் இதைக் காட்டச் சிறிய எஃப்.எம். ரேடியோ ஒன்றும் சமையலறை அலுமினியத் தாளும் போதும். பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை முழுவதும் சுற்றினால் பாட்டு போய் இரைச்சல் மட்டும் கேட்கும். உலோக உறைக்கு வெளியே உள்ள அலை உள்ளே வருவதில்லை. உள்ளே உள்ளதும் அப்படியே வெளியே போவதில்லை.

ஆகவே “போகாது” என்ற என் பதில் பாடப்படி சரி. ஆனால் என் கேபிளுக்கு அது பொருந்தவில்லை.

அக்டோபர் 13

அக்டோபர் 13 பேரிடர் அபாயக் குறைப்புக்கான பன்னாட்டு நாள். பெற்றோர்களையும் அழைத்து, வேறு மாவட்ட ஹாம்களோடு பேசிக் காட்டுவதாக ஏற்பாடு. முந்தைய இரண்டு நாளும் நல்ல மழை. காலையில் எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் நிலையலை விகிதத்தை அளந்தேன். நாம் அனுப்பும் அலை ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது. 1 வந்தால் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். வழக்கமாக 1.5 காட்டும் மீட்டர் அன்று 1.1 காட்டியது. மகிழ்ந்து போனேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. அழைத்தேன், பதில் இல்லை. மீண்டும் அழைத்தேன். இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுவது போலக் கேட்டது, அவ்வளவுதான். அரை மணி நேரம் முயன்றேன். பெற்றோர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். “மண்ணுக்குள்ள போயிடுச்சு போல சார்” என்று அந்த மாணவி தன் தோழியின் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னாள்.

நல்ல எண் சொன்ன பொய்

அன்று இரவு மூத்த ஹாம் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். “ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையைத் திறந்து வைத்து அளந்து பாருங்கள்” என்றார். திறந்த முனையில் அலை போக வழியில்லை. முழுவதும் திரும்பியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள். நல்ல நிலையில் இருந்தால் 30 மீட்டருக்கு மீட்டர் 6-க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். காட்டியதோ 1.4.

இந்தக் கணக்கை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போடலாம். 1.4-இலிருந்து 1-ஐக் கழித்தால் 0.4, 1-ஐக் கூட்டினால் 2.4. 0.4-ஐ 2.4-ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. திரும்பி வந்த அலையின் மின்னழுத்தம் இது. திறன் இதன் வர்க்கம், அதாவது 36-இல் ஒரு பங்கு. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எனக் கேபிள் இரண்டு தடவை தின்றிருக்கிறது. ஒரு வழிக்கு ஆறில் ஒரு பங்கு. 20 வாட் அனுப்பினால் ஆண்டெனாவுக்குப் போனது மூன்று வாட்டுக்குச் சற்று அதிகம். ஆண்டெனா பிடித்த சிக்னலும் அதே அளவுக்கு இளைத்துத்தான் அறைக்கு வந்தது.

காலையில் மீட்டர் நல்ல எண் காட்டியதன் காரணமும் இதுதான். திரும்பி வர வேண்டிய அலையையும் கேபிள் வழியிலேயே விழுங்கிவிட்டது. “புரிந்ததா?” என்று கேட்டதும் மொத்த வகுப்பும் “புரிந்தது சார்” என்று சொல்லிவிட, நாம் நிம்மதியாக அடுத்த பக்கம் புரட்டுகிறோமே, அதைப் போன்றதுதான். ஒன்றும் திரும்பி வராததை எல்லாம் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

தோண்டியபோது கண்டது

மறுநாள் பிள்ளைகள் சுற்றி நிற்க, கேபிளைத் தோண்டி எடுத்தோம். நடுப்பகுதியில் உறை நன்றாகவே இருந்தது. கம்பத்தடி முனையில்தான் கோளாறு. அங்கே இணைப்பானைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, வாயை மேல்நோக்கி விட்டிருந்தேன். வெயிலில் டேப்பின் பசை இளகி, மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் ஏழு மீட்டர் தூரத்துக்குச் செப்பு வலை கறுத்தும் பச்சை பூத்தும் கிடந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வலையின் நுண்ணிய இடுக்குகள் வழியே நீர் உறிஞ்சப்பட்டிருக்கிறது. நுண்புழை ஏற்றத்தை நான் அத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன்!

நீர் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? பாலித்தீனின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.25. அதன் வர்க்கமூலம் 1.5. ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். கேபிளில் அலை செல்லும் வேகம் அதுதான். கண்ணாடியில் ஒளியின் வேகமும் அதுவே என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். நீரின் மாறிலியோ ஏறத்தாழ 80. அது புகுந்த இடத்தில் கேபிள் கேபிளாகவே இருப்பதில்லை. உப்பு கலந்த நீர் மின்சாரத்தையும் கசியவிடும். களிம்பேறிய வலை மின்தடையைக் கூட்டி ஆற்றலை வெப்பமாக்கும்.

அந்த மாணவியிடம் சொன்னேன்: “சிக்னல் மண்ணுக்குள் போகவில்லை, தண்ணீர் கேபிளுக்குள் வந்துவிட்டது. நீ சந்தேகப்பட்டது சரி. நான்தான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.”

இரண்டாம் முறை

இம்முறை பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் கொத்தனார் ஒருவர் உதவிக்கு வந்தார். பைப்பை நான் மட்டமாகப் போடச் சொன்னபோது, “மட்டமாப் போட்டா தண்ணி நிக்கும் சார். வாட்டம் குடுங்க” என்றார். ஆண்டெனாவைப் பற்றி எதுவும் தெரியாத அவர் சொன்னதுதான் மிக முக்கியமான பாடம். நாங்கள் செய்தவை இவை:

1. தோண்டுமுன் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் போகும் தடத்தைக் கேட்டறிந்தோம். மின்கம்பியிலிருந்து ஓரடியாவது விலகினோம். குறுக்கே கடக்க வேண்டிய ஓரிடத்தில் செங்குத்தாகக் கடந்தோம்.

2. மண்வெட்டி எட்டாத ஆழமாக, அறைப் பக்கம் ஒன்றரை அடி. அங்கிருந்து 100-க்கு 1 வாட்டம் கொடுத்ததால் கம்பத்தடியில் இரண்டரை அடி.

3. கேபிளை நேரடியாகப் புதைக்காமல் ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்புக்குள் விட்டோம். கறையானும் பெருச்சாளியும் கேபிள் உறையைக் கடிக்கும். வளைவுகளில் எல்போ போடாமல் அகன்ற பெண்டு போட்டோம். கேபிளை அதன் தடிமனைப்போல் 10 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடக்காமல் இருப்பது நல்லது.

4. பைப்பின் தாழ்ந்த இடத்தில் துளையிட்டு, அடியில் ஜல்லிக் குழி. பைப்பை எவ்வளவு அடைத்தாலும் உள்ளிருக்கும் காற்று குளிரும்போது நீர் துளிர்க்கும். அதை வரவிடாமல் தடுப்பதைவிட வெளியேற வழிவிடுவதே மேல்.

5. பைப்பின் இரு வாயும் கைத்தடிப் பிடிபோல் வளைந்து தரையைப் பார்க்கும். கேபிளும் இணைப்பானுக்கு முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறும். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

6. இணைப்பானின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்.

7. பைப்பைச் சுற்றி மணல், மேலே ஒரு வரிசை செங்கல். பின்னாளில் தோண்டுபவருக்கு அது எச்சரிக்கை. பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தோம்; அடுத்த கேபிளுக்குத் திடலைத் தோண்ட வேண்டாம்.

மெல்லிய கேபிளுக்குப் பதில் தடித்த ஆர்.ஜி.-213 போட்டோம். அதன் இழப்பு ஆர்.ஜி.-58-இன் இழப்பில் பாதிக்கும் குறைவு.

ஒரு முக்கிய எச்சரிக்கை: புதைத்த கேபிளுக்கு மின்னல் பயம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கம்பத்தடியிலும், கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலும் எர்த் அமைத்து, இரண்டையும் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்க வேண்டும். இது தகுதி பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகும், இடி இடிக்கும் நாளில் கேபிள் முனை அறைக்கு வெளியே கழன்றே இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதில் சமரசம் கூடாது.

ஒரு குறிப்பேடு

புதிய கேபிளைப் போட்ட அன்றே திறந்த முனையில் அளந்தோம். மீட்டர் 10-ஐத் தாண்டியது. ஓம் மீட்டரில் நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே முடிவிலி. “50 ஓம் கேபிள்னு சொன்னீங்களே, மீட்டர்ல வரலையே?” என்று ஒரு பையன் கேட்டான். அந்த 50 ஓம் ஓடும் அலைக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு. நேர்மின்னோட்டத்தில் அதை அளக்க முடியாது. இம்முறை ஒரே சொல்லில் பதில் சொல்லாமல், ஒரு பாடவேளை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் இந்த இரண்டு அளவையும் குறிக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முனையைக் கழற்றி அளந்து எழுதுவது, இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அதே மாணவியின் பொறுப்பு. கடந்த நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. பள்ளி திறந்ததும் அவள் முதலில் ஓடியது அறிவியல் அறைக்கு. அளந்தாள். போன மாத எண்ணுக்கு நேராக அதே எண்ணை எழுதிவிட்டு, “தண்ணி உள்ள வரல சார்” என்றாள். அன்று மதியம் அழைத்த இரண்டாம் அழைப்பிலேயே பதில் வந்தது.

உங்கள் பள்ளியில் வானொலி நிலையம் இல்லாமல் இருக்கலாம். கேபிள் டி.வி. வேலையில் மிஞ்சிய ஒரு சாண் கேபிள் துண்டு எந்த ஊரிலும் கிடைக்கும். அதை நறுக்கி வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். அப்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்விக்கு, நான் சொன்னதுபோல் ஒரே சொல்லில் மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.