பகுவல் ஓவியங்களில் நிறச்சரிவின் அசைவூட்டம்: பின்னலாடை அச்சு வடிவமைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பகுவல் (பிராக்டல்) ஓவிய மென்பொருள்களில் வடிவம் மாறாதிருக்க, நிறம் மட்டும் நகரும் அசைவூட்டம் நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நிறச்சுழற்சி, இடைக்கணிப்பு ஆகிய இரு முறைகளும் அவற்றில் நேரும் பிழைகளும், குன்னத்தூர் உள்ளிட்ட திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தின் அச்சுப் பணியில் அவற்றின் பயனும் எல்லையும் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பகுவல், நிறச்சரிவு, நிறச்சுழற்சி, இடைக்கணிப்பு, பின்னலாடை அச்சு.

முன்னுரை

'பிராக்டல்' என்னும் சொல்லை 1975இல் பெனுவா மாண்டல்பிராட் ஆக்கினார். அதற்கு ஓராண்டு முன்னரே, கோலங்களைக் கணினிக்குரிய வடிவ இலக்கணமாக வகுத்த ஆய்வைக் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் வெளியிட்டனர். அவ்வாய்வு வடிவத்தைப் பற்றியது. வடிவத்தின்மீது நிறம் எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பது தனி வினா. இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

நிறம் குறிப்பது யாது?

மாண்டல்பிராட் கணத்தை வரையும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி மாறிலியைக் கூட்டும் செயல் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. எண்ணின் அளவு 2ஐக் கடக்க எத்தனை சுற்றுகள் தேவைப்பட்டன என்பதே அப்புள்ளியின் நிற எண். கணத்தின் விளிம்பை நெருங்க நெருங்க இவ்வெண் பொதுவாக உயர்கிறது. எனவே பகுவலில் நிறம் என்பது பொருளின் இயல்பன்று. கணக்கீட்டின் கால அளவை உணர்த்தும் குறியீடு.

நிறச்சுழற்சி

1987இல் வந்த விஜிஏ திரை, 256 நிறங்கள் கொண்ட பட்டியலைப் பயன்படுத்தியது. 320×200 அளவுள்ள படத்தின் 64,000 புள்ளிகளை மீண்டும் கணக்கிடாமல், பட்டியலிலுள்ள 768 எண்களை (256×3) மட்டும் மாற்றினாலே படம் முழுவதும் நிறம் மாறும். 1988இல் தோன்றிய ஃபிராக்டின்ட் மென்பொருள் இவ்வழியில் படங்களை அசையச் செய்தது.

நிற எண்ணுடன் சட்டக எண்ணைக் கூட்டி, 256ஆல் வகுத்து மீதியைக் கொள்வதே விதி. கூட்டினால் நிறம் விளிம்பிலிருந்து வெளிநோக்கியும், கழித்தால் விளிம்பை நோக்கியும் நகர்வதாகத் தோன்றும். நொடிக்கு 25 சட்டகம் எனில் 10.24 நொடியில் ஒரு சுற்று நிறைவுறும். பட்டியலின் இறுதி நிறம் முதல் நிறத்தோடு இசையாவிடில், அப்பொருத்து ஒரு கோடாகப் படம் முழுவதும் ஊர்ந்து செல்லும். விளிம்பருகே நிற எண்கள் நெருங்கி நிற்பதால் அங்கு நிறங்கள் சிமிட்டும். நிற எண்ணுக்கு மாற்றாக அதன் மடக்கையைக் கொள்வது இதனைத் தணிக்கும்.

இடைக்கணிப்பு

ஒரு நிறச்சரிவிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறுவது இரண்டாம் முறை. சிவப்பு (255, 0, 0), நீலப்பச்சை (0, 255, 255) ஆகியவற்றின் எண்களை நேரடியாகச் சராசரி கண்டால் நடுவில் சாம்பல் நிறமே எஞ்சும். நிறக்கோணத்தைக் கொண்டு கணித்தால் இச்சாம்பலைத் தவிர்க்கலாம்; ஆயின் திசையைத் தெரிவு செய்தல் வேண்டும். நீலம் 240 பாகை, சிவப்பு 0 பாகை. எண்களை நேரே இணைத்தால் நடுவில் பச்சை தோன்றும். சிவப்பை 360 பாகையெனக் கொண்டால் நடுவில் கருஞ்சிவப்புச் சாயலுடைய ஊதா அமையும்.

பின்னலாடை அச்சில் பயன்பாடு

துணி அசைவதில்லை, எனவே அசைவூட்டம் இங்கு இறுதிப் பொருளன்று, தேர்வுக் கருவி. ஒரே வடிவத்திற்குப் பல 'கலர் காம்பினேஷன்' காட்ட வேண்டிய வடிவமைப்பாளருக்கு ஒவ்வொரு சட்டகமும் ஒரு மாதிரியாகிறது. ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனி ஸ்கிரீன் தேவை. ஆதலால் 256 படிகளைச் சில நிறங்களாகச் சுருக்கியோ நுண்புள்ளிகளாக மாற்றியோ அமைத்தல் வேண்டும். டிஜிட்டல் அச்சில் இத்தடை இல்லை. எனினும் திரையின் ஒளிநிறங்கள் அனைத்தையும் மையால் துணியில் பெற இயலாது. தெரிந்தெடுத்த சட்டகத்தைத் துணியில் அச்சிட்டுப் பார்த்த பின்னரே உறுதி செய்தல் தகும்.

முடிவுரை

நிறச்சரிவின் அசைவூட்டத்தில் நகர்வது வடிவமன்று. எண்ணுக்கும் நிறத்துக்குமான பொருத்தமே. இவ்வேறுபாட்டை உணராதார், நிறப்பட்டைகளின் ஓட்டத்தைப் பகுவலின் வளர்ச்சி எனப் பிழைபடக் கொள்வர். கணிதத்தையும் வடிவமைப்பையும் ஒருங்கே கற்பிக்கும் வகுப்புகளில், வடிவத்தை நிலைநிறுத்தி நிறப்பட்டியலை மட்டும் மாற்றிக் காட்டுவது இப்பிழையைக் களையும் எளிய வழியாகும்.