புற்றுக்குள் ஒரு மழைக்காடு

ஐப்பசி மழைக்குப்பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புற்றைச் சுற்றிக் காளான் பூப்பதை நாம் அறிவோம். கொல்கத்தாவுக்கு மேற்கே, ஜார்கிராம், பாங்குரா மாவட்டங்களின் சால மரக்காடுகளிலும் புற்றுக்காளான் முளைக்கிறது. துர்கா பூஜையை ஒட்டி வருவதால் வங்க மக்கள் அதனைத் ‘துர்கா சாத்து’ என்கின்றனர். சாத்து என்றால் காளான். சீதோஷ்ணம் வேறுபட்ட இரு நிலங்களிலும் ஒரே குலத்துக் காளான் செழிப்பது எங்ஙனம்?

விடை கறையானிடம் உள்ளது. கறையான்கள் சருகையும் உலர்ந்த மரத்தையும் தின்று, தம் எச்சத்தைத் தேனடை போல் அமைக்கின்றன. அதில் வளரும் பூஞ்சை, கடினமான மரப்பொருளை உணவாகப் பக்குவப்படுத்துகிறது. கறையான்கள் அதனை உண்கின்றன. இவ்வுறவு சுமார் 3 கோடி ஆண்டுகளுக்குமுன் ஆப்பிரிக்க மழைக்காட்டில் தோன்றியது என்பது விஞ்ஞானிகளின் முடிவு. பின்னர் வறண்ட நிலங்களுக்குப் பரவியபோதும், மழைக்காட்டின் வெதுவெதுப்பையும் ஈரத்தையும் கறையான்கள் புற்றினுள் காத்துவந்தன. ஆகவே பூஞ்சை வாழும் அறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. வெளியே குடை விரிக்கும் காலத்தை மட்டும் அந்தந்த ஊர் மழை நிர்ணயிக்கிறது.

இக்குலத்துக்கு 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். துர்கா சாத்து என வழங்கும் இனத்தை 1979-இல் விவரித்து, ‘ஹைமி’ என அவர் பெயரையே சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்து கே. நடராஜன்.

இக்காளானைத் தோட்டத்தில் பயிரிடும் முறை இன்னும் கைகூடவில்லை. குடையை மட்டும் கொய்தால் அடுத்த மழையிலும் அது முளைக்கும். புற்றை இடித்தால் நெடுங்காலம் காக்கப்பட்ட மழைக்காடே அழியும்.