விலை பேசியாச்சு, வீடு காலியாகலை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு நாகலூர் சாலையில் கொஞ்சம் உள்ளே போனால் என் பெரியப்பா கட்டிய வீடு. ஓட்டுக்கூரை, மூன்று அறை. பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் நாலு வரிசை காபிச் செடி. மலைக்குளிர் பெரியம்மாவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் சேலத்துக்கு இறங்கியபோது வீட்டை மாத வாடகைக்கு விட்டார் பெரியப்பா. எழுத்து எதுவும் கிடையாது. "தெரிஞ்ச பையன்தானே" என்றார்.

சில வருடம் கழித்து விற்பது என்று முடிவானது. பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கேட்டுக்குள் வெளிமாநில எண் போட்ட மூன்று கார்கள். திண்ணைக் கொடியில் யார் யாருடையவோ துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியம்மா கோலம் போடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அறைக் கதவுகளில் சிவப்பு பெயின்ட்டால் 1, 2, 3. காபிச் செடிகளுக்கு நடுவே முந்தின ராத்திரி கேம்ப்ஃபயர் போட்ட சாம்பல், ஓரமாக இருந்த செடி கருகிப்போயிருந்தது. குடியிருப்பவர் வெளியே வந்தார். "ஐயா, சீசன் நேரத்துல காலி பண்ணுன்னா எப்படிங்க? மே முடியட்டும்." அப்போதே ஏழு மாத வாடகை பாக்கி. வாங்க வந்தவர் கேட்டைத் தாண்டவே இல்லை, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இறங்கும்போது இருபது வளைவிலும் பெரியப்பா வாய் திறக்கவில்லை.

ஏற்காட்டில் இது ஒரு வீட்டின் கதை இல்லை. 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி கொண்டுவந்த காலம் தொட்டு, இந்த மலையில் சொத்து ஒருவர் பேரிலும் சாவி இன்னொருவர் கையிலும் இருப்பது வழக்கம். சொந்தக்காரர்கள் சேலத்தில், சென்னையில், பெங்களூரில். இப்போது அதோடு விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. குடியிருக்க வாடகைக்கு எடுத்த வீட்டை அறை அறையாக நாள் வாடகைக்கு விட்டால் கோடை விழாவை ஒட்டிய சில வாரங்களிலேயே நல்ல காசு. அப்படிப்பட்ட வீட்டை யாரும் லேசில் விட்டுத்தர மாட்டார்கள்.

பெரியப்பாவைத் தூங்கவிடாத பயம் வேறொன்று. "பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே ஆயிடுமாமே?" டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை உலவும் இந்தப் பேச்சு தவறு. வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். எத்தனை வருடம் இருந்தாலும் எதிரிடை அனுபவ உரிமை கேட்க அவருக்கு வழியில்லை. 2024 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே சொன்னது. வாடகைக்கு இல்லாமல் காவலுக்கு என்று குடிவைத்த குடும்பமானால், 2012-இல் கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு இருக்கிறது: காவலாளிக்கும் பராமரிப்பாளருக்கும் நாள்கணக்கால் மட்டும் உரிமை பிறக்காது. ஆனால் இருபது வருடம் மழையிலும் பனியிலும் ஒரு வீட்டைக் காத்த குடும்பத்தைத் தீர்ப்பைக் காட்டி மட்டும் இறக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. கிரயப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குவதுதான் நியாயம்.

ஆள் இருக்கும்போதே வீட்டை விற்கலாமா? தாராளமாக விற்கலாம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். வாடகை அப்படியே தொடரும். ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் ஒரு பிரிவின் தலைப்பே 'விற்பனை வாடகையை முறிக்காது' என்பதுதான். நம் சட்டமும் அதே வழியில் போகிறது. இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. கிரயத்துக்கு முந்தைய பாக்கி, தனியே எழுதிக்கொள்ளாவிட்டால், வாங்குகிறவருக்குப் போகாது, விற்றவருடையதுதான். அதேபோல, வீடு கைமாறியது தெரியாமல் குடியிருப்பவர் பழையவரிடமே வாடகை கொடுத்துவிட்டால், புதியவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் பத்திரம் பதியும் நாளிலேயே விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று குடியிருப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பதியாத வாய்மொழி வாடகை அதில் வராது. பதினோரு மாத ஒப்பந்தமும் பெரும்பாலும் வராது. ஆனால் வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நேரில் போய் அவரிடமே கேளுங்கள்: வாடகையா, போக்கியமா, அட்வான்ஸ் எவ்வளவு? போக்கியமானால் மொத்தமாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்காமல் வீடு கைக்கு வராது. அதை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

வெளியேற்றுவதுதான் கடினம். முதலில் எந்தச் சட்டம் என்று பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) நகர்ப்புறத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும். வாடகைப் பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, தவறான பயன்பாடு எல்லாம் காலி செய்ய வைக்கும் காரணங்கள். அந்தச் சட்டம் எட்டாத கிராமப் பகுதியில் 1882-ஆம் வருடத்துச் சட்டம்தான். மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ், கேட்காவிட்டால் சிவில் வழக்கு. பெரியப்பாவுக்கு வக்கீல் சொன்ன ஒரு விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. உள்வாடகை கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், இந்தப் பழைய சட்டம் குடியிருப்பவருக்கு உள்வாடகை விடும் உரிமையைக் கொடுக்கிறது. குடியிருக்கக் கொடுத்த வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்று வாதாடலாம். குடியிருக்கத்தான் கொடுத்தேன் என்பதற்கே எழுத்து இல்லையென்றால் எதை வைத்து வாதாடுவது?

இதைவிட அவசரமான ஆபத்து மின்சார மீட்டரில் இருந்தது. இணைப்பு பெரியப்பா பேரில், வீட்டு உபயோகக் கட்டணத்தில். உள்ளே நடந்ததோ லாட்ஜ். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அனுமதியற்ற பயன்பாட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிடலாம். நோட்டீஸ் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் வரும். மலையில் வீடு வைத்திருக்கிறவர்கள் மின் கட்டண ரசீதைத் தவறாமல் பாருங்கள். பில் திடீரென்று ஏறினால் வீட்டில் என்ன நடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

"நாலு ஆளை அனுப்பி சாமானை வெளிய வைங்க" என்று புரோக்கர் ஒருவர் யோசனை சொன்னார். பெரியப்பா கேட்கவில்லை, நல்லவேளை. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வெளியேற்றியது உரிமையாளரே ஆனாலும் மறுபடி குடியேறலாம். 1963-ஆம் வருடத்துக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவு அது. தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்துவதையும் புதிய வாடகைச் சட்டம் தடுக்கிறது. ஆத்திரத்தில் பூட்டை மாற்றியவர்தான் கடைசியில் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பார்.

பெரியப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதோடு நிற்காமல் அடுத்த வாரம் தானே மலையேறினார். அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து, "தம்பி, உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். முதலில் வீட்டை அவருக்கே கொடுக்கத் தயார் என்றார். வாங்க அவரிடம் வசதி இல்லை. பிறகு பேசி முடித்தது இது: மே மாதம் முடியும்வரை இருக்கலாம், அதற்குமேல் ஒரு முன்பதிவும் வாங்கக் கூடாது, பாக்கியில் பாதியைத் தள்ளிவிடுவது, அட்வான்ஸைச் சாவி கொடுக்கும் அன்றே எண்ணி வைப்பது. பத்திரத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாதி பாக்கியை விட்டதற்குச் சொந்தத்தில் சிலர் கடிந்துகொண்டார்கள். எனக்கு அதில் தவறே தெரியவில்லை. காலி செய்யாத ஆளோடு விற்றால் விலையில் இழப்பது அதைவிடப் பல மடங்கு. வழக்கு நடத்தினாலோ, செலவுக்குச் செலவு, அலைச்சலுக்கு அலைச்சல்.

ஜூன் முதல் வாரம், மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியப்பா அறை அறையாகப் போய்ப் பார்த்தார், மீட்டர் எண்ணை நான் போட்டோ எடுத்தேன். அட்வான்ஸை எண்ணிக் கொடுத்ததும் சாவிக்கொத்து கைக்கு வந்தது. கதவுகளில் இருந்த 1, 2, 3-ஐ அவரே டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். அந்த ஆண்டே வீடு விற்றது. கிரயப் பத்திரத்தில் 'காலி சுவாதீனம்' என்ற சொல்லை அவர் விரலால் தொட்டுக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மலையில் வீடு வைத்து ஊரில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். விற்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று வாடகையை இந்த மாதமே எழுத்தில் கொண்டுவாருங்கள். விற்கும் எண்ணம் வந்துவிட்டால், புரோக்கருக்குப் போன் போடும் முன் ஒருமுறை மலையேறிப் போய், உங்கள் வீட்டில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.