வயசான நாய்க்குப் புற்றுநோய்: வைத்தியம் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

(பண்ணை வானொலிப் பேச்சு)



உழவு மாட்டுக்குக் கொம்புப் புற்று வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். மாடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஆட்டும். கொம்பு ஒரு பக்கம் தொங்கும். அந்தப் பக்கத்து மூக்கில் இரத்தம் கசியும். உடனே மாட்டை டாக்டரிடம் ஓட்டிப் போகிறோம். ஆனால் பத்து வருஷமாகத் தோட்டத்தையும் ஆட்டுப் பட்டியையும் காவல் காத்த நாய்க்கு அடிவயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்கிறோம்? "அதுக்கு வயசாயிட்டுது, இனிமே என்ன வைத்தியம்?" என்று விட்டுவிடுகிறோம். கட்டி உடைந்து, ஈ மொய்த்து, புழு வைத்த பிறகுதான் கவலைப்படுகிறோம். அப்போது டாக்டராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வயசான நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் எப்படி முடிவு எடுப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வயசு ஒரு வியாதி அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். பத்து வயசு ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அவர் பார்ப்பது வயசை அல்ல. இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவை மயக்க மருந்தைத் தாங்குமா என்பதைத்தான். அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பதினொரு வயசிலும் நன்றாகத் தின்று, நடந்து, குரைத்துக்கொண்டிருக்கிற நாய் ஆபரேஷனைத் தாங்கலாம். ஏழு வயசிலேயே சிறுநீரகம் கெட்ட நாய் தாங்காமலும் போகலாம்.

இரண்டாவது, கட்டி எல்லாம் புற்று அல்ல. வயசான நாய்களுக்குத் தோலுக்கு அடியில் மெத்தென்று கொழுப்புக் கட்டி வருவது சகஜம். அதனால் பெரும்பாலும் தீங்கு இல்லை. பெட்டை நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளிலும் ஏறக்குறைய பாதிதான் கெட்ட கட்டி. மீதி பாதி சாதாரணக் கட்டி. கையால் தொட்டுப் பார்த்து இது எது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். மடிக் கட்டியாக இருந்தால், பெரும்பாலும் அறுத்தெடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பித்தான் முழு விவரம் தெரிந்துகொள்ள முடியும்.

பெட்டை நாயின் மடிக் கட்டி

கருத்தடை செய்யாத வயசான பெட்டை நாய்களுக்கு அதிகம் வருவது இதுதான். நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடிக் காம்புகள் உண்டு. பின்னங்கால் பக்கம் இருக்கிற கடைசி இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகம் வரும். முதலில் பட்டாணி அளவில் இருக்கும். நாய்க்கு வலி தெரியாது, நமக்கும் தெரியாது.

இங்கே அளவு முக்கியம். கட்டி 3 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு பெருநெல்லிக்காய்க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நாய் நல்லபடியாக வாழ்வதற்கு வாய்ப்பு அதிகம். எலுமிச்சை அளவையும் தாண்டி, 5 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால் வாய்ப்புக் குறைகிறது. கெட்ட கட்டி முதலில் தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்ட வைக்கும். பிறகு நுரையீரலுக்குப் போகும். ஆகவேதான் கத்தியை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். அதை வீண் செலவு என்று நினைக்காதீங்க. நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தால் பெரிய ஆபரேஷன் செலவும் நாய்க்கு வேதனையும் மிச்சமாகும். பரவவில்லை என்று தெரிந்தால் தைரியமாக ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளலாம். மிகச் சின்னதாகப் பரவியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகை மட்டும் தனி. ஒரு பக்கத்து மடி முழுவதும் சிவந்து, சூடாகி, கல்லாக இறுகி, தொட்டாலே நாய் கத்தும். மடி வீக்கம் மாதிரியே தெரியும். இது புற்றாக இருந்தால் ஆபரேஷனால் பலன் இல்லை. வலியைக் குறைப்பதுதான் வைத்தியம். ஆனால் குட்டி போட்ட நாய்க்குச் சாதாரண மடி நோயும் இப்படித்தான் இருக்கும். அது மருந்தில் ஆறிவிடும். ஆகவே நீங்களாக முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாய்க்கு நாய் தொற்றும் புற்று

கிராமத்தில் அவிழ்த்துவிட்டுத் திரியும் நாய்களுக்கு இன்னொரு புற்று வருகிறது. இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும். பிறப்புறுப்பில் காலிபிளவர் பூ மாதிரி சிவப்பாகச் சதை வளர்ந்து, சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியும். முகர்ந்தும் நக்கியும் மூக்கிலும் வாயிலும்கூட வரலாம். பெட்டையில் இரத்தம் வருவதைப் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம்.

பார்ப்பதற்கு இதுதான் பயங்கரம். ஆனால் இதுதான் நன்றாகக் குணமாகும் புற்று! வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு ஊசி. இரண்டாவது மூன்றாவது ஊசியிலேயே சதை சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். பத்தில் ஒன்பது நாய்க்கு அடியோடு குணமாகிவிடுகிறது. சுருங்கிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வளரும். முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும்.

இந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான். 1960-களில் அது மருந்தாக வந்தது. அதற்காக இலையைப் பறித்து அரைத்து நாய்க்கு ஊட்டிவிடாதீங்க! செடி விஷம். டன் கணக்கில் இலையைப் பக்குவப்படுத்திக் கொஞ்சம் மருந்து எடுக்கிறார்கள். அந்த ஊசியே நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்து போகும். வெள்ளை அணுவும் குறையும். ஆகவே இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் போடுவார். ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு நாயின் மூத்திரம், மலத்தை வெறும் கையால் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகி இருப்பது நல்லது.

நாயின் புற்று மனிதருக்குத் தொற்றாது. குழந்தைகள் நாயைத் தொட்டதால் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. வாயில் எச்சில் ஒழுகி, தின்ன முடியாமல் இருக்கிற நாயின் வாய்க்குள் கட்டி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்காதீங்க. அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஒன்று, இது என்ன கட்டி, எங்கெல்லாம் பரவியிருக்கிறது? இரண்டு, வைத்தியம் பார்த்தால் குணமாகுமா, இல்லை நாள்தான் நீளுமா? மூன்று, அப்படிக் கிடைக்கிற நாளில் நாய் எப்படி இருக்கும்? நான்கு, எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் என்ன செலவாகும்? ஐந்து, வைத்தியமே வேண்டாம் என்றால் வலி தெரியாமல் வைத்திருக்க என்ன வழி?

நான்காவது கேள்வியைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி நடத்துகிற குடும்பம், நாய்க்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்று யோசிப்பது பாவம் அல்ல. செலவைக் கேட்காமல் ஆரம்பித்து, பாதியில் நிறுத்துவதுதான் நாய்க்கும் கெடுதல், நமக்கும் நஷ்டம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரே, பெரிய ஆபரேஷன் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதித் தருவார்கள். நடமாடும் மருத்துவ ஊர்தி பற்றி 1962 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

மூன்று வழிகள்

கட்டி சின்னது, நெறி இல்லை, எக்ஸ்ரே சுத்தம், இரத்தம் சரி என்றால் எடுத்துவிடுவதே நல்லது. முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திக் கூட்டிப் போங்கள். தையல் பிரிக்கப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை நாய் தையலை நக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். சேற்றிலும் தொழுவத்திலும் படுக்க விடாதீங்க.

நுரையீரலுக்குப் பரவிவிட்டது, ஆனால் நாய் இன்னும் தின்கிறது, வாலை ஆட்டுகிறது என்றால் இரண்டாவது வழி. ஆபரேஷனுக்கு அலைக்கழிக்காமல், வலிக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வது. வலி மருந்தை டாக்டர்தான் எழுத வேண்டும். நமக்கு வாங்கி வைத்த பாராசிட்டமால், ஐபுபுரூபன், டைகுளோபினாக் மாத்திரைகளைக் கொடுத்தால் நாயின் ஈரல், வயிறு, சிறுநீரகம் கெட்டுவிடும். முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, குழைந்த சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வையுங்கள். வெங்காயம் சேர்க்காதீங்க. கட்டி உடைந்திருந்தால் கொதிக்க வைத்து ஆறின உப்பு நீரால் தினமும் கழுவி, ஈ அண்டாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், பூச்சி மருந்து ஊற்றுவது, எருக்கம்பால் தடவுவது, சூடு போடுவது, மயிரால் இறுக்கிக் கட்டுவது இவையெல்லாம் வைத்தியம் அல்ல, சித்திரவதை. புழு வைத்துவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

மூன்றாவது வழிக்கு எப்போது போவது? இதுதான் கஷ்டமான கேள்வி. எளிய முறை ஒன்று சொல்கிறேன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிப்பதற்கு முன் அதில் ஒரு குறி போடுங்கள். நாய் தின்றதா? தானாக எழுந்து வெளியே போய் வந்ததா? இரவு தூங்கியதா? உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கியதா? இவை நடந்திருந்தால் நல்ல நாள். இல்லை, முனகிக்கொண்டே கிடந்தது, மூச்சு வாங்கியது என்றால் கெட்ட நாள். தாளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்துக் கெட்ட நாள் அதிகமானால், வைத்திருப்பது நம் ஆசைக்காக, நாய்க்காக அல்ல.

அப்போது டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல் உயிரை முடித்துவைப்பார். "வளர்த்த கையாலே கொல்றதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சில வீடுகளில் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்கள் வலி மருந்தைக் கடைசி வரை நிறுத்தாமல் கொடுத்து, நிழலில் கிடத்திப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டுமே செய்யாமல் விடுவதுதான் தவறு. விஷம் வைப்பது, அடித்துக் கொல்வது, லாரியில் ஏற்றி வெளியூரில் விட்டு வருவது இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இவை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படியும் குற்றம். ஊசியால் இறந்த நாயின் உடலில் மருந்து தங்கியிருக்கும். நரியோ பருந்தோ தோண்டித் தின்னாதபடி கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

வருமுன் காப்போம்

பெட்டைக் குட்டிக்குச் சீக்கிரமே கருத்தடை ஆபரேஷன் செய்தால் மடிக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்று 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. முதல் பருவத்துக்கு முன்னே செய்தால் பலன் மிக அதிகம், இரண்டு மூன்று பருவம் கடந்தால் குறைவு என்பது அதன் முடிவு. அந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமல்ல என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டாலும், கருத்தடை செய்த நாய் தெருவில் சேராது; தொற்றும் புற்றும் குறையும். எந்த வயதில் செய்வது என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று சாயங்காலம் சோறு வைத்தபின், நாயை மல்லாக்கப் படுக்க வைத்து அடிவயிற்றைக் காம்பு காம்பாகத் தடவிப் பாருங்கள். தாடைக்கு அடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை, அமாவாசைக்கு அமாவாசை என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. பட்டாணி அளவில் கண்டுபிடித்தால் உங்கள் முன்னே மூன்று வழியும் திறந்திருக்கும். தேங்காய் அளவில் கண்டுபிடித்தால் ஒரே வழிதான் மிச்சம்.